காப்பகக் குழந்தைகளுக்குத் தொண்டு: அன்னதானத்துக்கு அடுத்து என்ன?

ஆடி அமாவாசை, கிறிஸ்துமஸ், ரம்ஜான், தாத்தாவின் திதி, பிள்ளையின் பிறந்தநாள் என்றால் குழந்தைகள் இல்லங்களில் போன் ஓயாது. "ஒரு வேளைச் சாப்பாடு போடணும், எத்தனை பிள்ளைங்க இருக்காங்க?" கடவுளுக்குச் செய்வதாக நினைத்துத்தான் கேட்கிறார்கள். அந்த நினைப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலை கேசரி, மதியம் பிரியாணி, மாலை கேக் என்று மூன்று குடும்பங்கள் வந்து போனால், இரவு வயிற்றுவலியோடு புரளுவது பிள்ளைகள்தான். அதன்பின் பல வாரங்களுக்கு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இல்லத்தில் இருக்கும் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். வறுமை, குடி, நோய், மறுமணம் என்று ஏதோ ஒன்று பிரித்திருக்கிறது. ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளையிடம் நான்கு முறை அன்பாகப் பேசிவிட்டுச் சொல்லாமல் நின்றுவிடுவது, வராமலே இருப்பதைவிடக் கெடுதல். அதனால் விருந்து போடுவதைவிட, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம், ஒரு மணி நேரம் என்று ஓராண்டாவது வர முடியுமா என்று முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். முடியாதென்றால் தவறில்லை, பொருளாகக் கொடுங்கள். இனிப்பைவிடச் சரியான அளவில் உள்ளாடை, நாப்கின், பேன் ஷாம்பு, மூக்குக்கண்ணாடிச் செலவு ஆகியவைதான் எப்போதும் தட்டுப்பாடு.

வருவதென்று முடிவானால், அந்த இல்லம் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் பதிவானதா என்று பாருங்கள். கோயில் நடத்துகிறதா, சபை நடத்துகிறதா, பள்ளிவாசல் நடத்துகிறதா என்பது வேறு விஷயம். பதிவு எல்லோருக்கும் கட்டாயம். சந்தேகமிருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். அடையாள அட்டை, காவல்துறைச் சரிபார்ப்பு, உங்களை அறிந்த இருவரின் கடிதம் ஆகியவற்றைக் கேட்கும் இல்லத்தை நம்பலாம். எதுவும் கேட்காமல் உள்ளே விடும் இல்லத்தைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

என்ன செய்வது? ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் வாய்விட்டு வாசிப்பு, இருபது நிமிடம் கணக்கு, மீதி நேரம் கேரம் போர்டு. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்யலாம். தேர்வானால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு ₹12,000 கிடைக்கும். எல்லோரும் பார்க்கும் கூடத்தில் உட்காருங்கள், தனியறை வேண்டாம். "உங்கப்பா எங்கே?" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். பணம், போன், உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவது எதுவும் கூடாது. பிள்ளையின் மதம் பிள்ளையுடையது. உங்கள் வழிபாட்டுக்கு அதை இழுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடும் பழக்கம்தான் அதிகம் இடறுகிறது. அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி இந்தக் குழந்தைகளின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மறைத்து, பள்ளிப் பெயர் தெரியும் சீருடையோடு போட்டாலும் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும்.

பழகப் பழக, ஒரு நாள் பிள்ளை காதருகே வந்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று கேட்கலாம். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ பத்திரமா இருக்கணும்னா, உதவி பண்றவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்" என்பதே நேர்மையான பதில். துருவாமல் கேளுங்கள். அன்றே பிள்ளையின் சொற்களிலேயே எழுதி வையுங்கள். பாலியல் கொடுமை என்றால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். இல்லப் பொறுப்பாளரிடம் மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள்.

வீட்டிலேயே வைத்து வளர்க்க மனம் உள்ளவர்களுக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்ற சட்டவழி இருக்கிறது. பிள்ளையைச் சில காலம் உங்கள் குடும்பத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது; தத்து அல்ல. 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தும். திருமணமாகாதவர்களும் விண்ணப்பிக்கலாம். வீட்டு ஆய்வு முடிந்து குழந்தைகள் நலக்குழு ஆணையிட்ட பிறகே பிள்ளை வரும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் ₹4,000 ஆதரவு உண்டு. ஆஸ்பத்திரியிலோ உறவிலோ யாரோ கொடுத்தார்கள் என்று பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்வது, எவ்வளவு நல்ல எண்ணமானாலும், வழக்கில் முடியும்.

18 வயதை எட்டும் பிள்ளைகளுக்குத்தான் உதவ ஆள் குறைவு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, இல்லத்தை விட்டுப் போன பிறகு கிடைக்கும் பிற்காப்பு உதவிக்கு இடம் தருகிறது; விண்ணப்பிக்கத்தான் துணை வேண்டும். பதினாறு வயதிலேயே ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, மாற்றுச் சான்றிதழ் நகல் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றனவா என்று இல்லத்தின் சமூகப்பணியாளரோடு உட்கார்ந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளியில் இன்னொரு பெயர் என்று இருப்பது அடிக்கடி நடக்கிறது. அதைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் தெரிந்தால் ஓர் ஆண்டே போய்விடும்.