பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் புதுப்பிப்போருக்கு: வின்டேஜ் பதிவு யாருக்குப் பொருந்தும், யாருக்குத் தேவையில்லை

கடலூரிலோ புதுச்சேரியிலோ வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரையோ, டிரையம்ப் ஸ்பிட்ஃபயரையோ, 1960-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ நிறுத்தி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சீர்செய்பவர்கள் பெரும்பாலும் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஆர்.சி. புக்கைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எந்த வகைப் பதிவில் இந்த வண்டி சாலைக்கு வரப்போகிறது என்பதை முதல் நட்டைக் கழற்றும் முன்பே முடிவு செய்துகொண்டால்தான், எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பது தெளிவாகும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள், சொந்தப் பயன்பாட்டுக்கானவையாகவும் மூல வடிவத்திலேயே பேணப்பட்டவையாகவும் இருந்தால், வின்டேஜ் மோட்டார் வாகனமாகப் பதிவு செய்யத் தகுதி பெறுகின்றன. இறக்குமதியான வண்டிகளுக்கும் இது பொருந்தும். 50 ஆண்டுகள் என்பது கணக்குப் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய விஷயம். ஹெரால்டு தாராளமாக உள்ளே வரும். 1980-களில் வந்த கான்டெசா காருக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சிக்கல் முழுவதும் ‘மூல வடிவம்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி ஷெல் (வண்டியின் கூடு), இன்ஜின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் செய்யப்பட்ட வண்டி இந்த வரையறைக்குள் வராது என்று விதி சொல்கிறது.

இதை நம் ஊர் வண்டிகளின் மீது வைத்துப் பார்க்க வேண்டும். டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றிய கார்கள் ஏராளம். அப்படிப்பட்ட வண்டிக்கு எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும், பழைய வகை இன்ஜினையே திரும்ப ஏற்றி, ஆர்.சி.யிலும் எரிபொருளைத் திருத்தாதவரை வின்டேஜ் பதிவை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. இன்னொரு ஆசையும் உண்டு. ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் சேசிஸை அடிப்படையாகக் கொண்டு உருவானது என்பதால், மேற்கூரையை அறுத்தெடுத்து ஹெரால்டையே திறந்த காராக்கிவிடலாம் என்று டிங்கரிங் பட்டறையில் யாராவது யோசனை சொல்வார்கள். அறுத்த அன்றே வின்டேஜ் தகுதி போய்விடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி ஆர்.சி.யில் பதிவாகியுள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதையே தடை செய்கிறது என்பதால், சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதும் கேள்விக்குறியாகிவிடும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து அதே வடிவில் புதுத் தகட்டைப் பற்றவைப்பது, ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து) பிஸ்டன் மாற்றுவது, கார்ப்ரேட்டரைக் கழுவிப் புது ஜெட் போடுவது ஆகியவை வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலைகளே. அவற்றை உருமாற்றமாகக் கருத வேண்டியதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆய்வாளர் கேட்கும்போது வாயால் விளக்குவதைவிட அது எளிது.

உப்புக் காற்று வீசும் ஊரில் முதலில் கவனிக்க வேண்டியது சேசிஸ் நம்பர். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கும் படிவங்களில் அந்த எண்ணின் பென்சில் பிரிண்ட் ஒட்டப்பட வேண்டும், ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பல வண்டிகளில் எண் துருவுக்கும் பழைய பெயிண்ட்டுக்கும் அடியில் புதைந்திருக்கும். கிரைண்டரோ கம்பி பிரஷ் பொருத்திய டிரில்லோ அந்த இடத்தில் ஒரு நிமிடம் பட்டாலே எண்ணின் விளிம்புகள் மழுங்கிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு இரவு அதன்மேல் ஊறவிட்டு, மறுநாள் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தால் துரு செதில் செதிலாக உதிரும். பின்பு மெல்லிய வெள்ளைத்தாளை வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தால் எண் ஒவ்வொன்றாக எழும்பி வரும். இந்தப் பிரதியை நான்கைந்து தாள்களில் எடுத்துக்கொண்ட பிறகே மற்ற வேலைகளுக்குப் போக வேண்டும். எண் படிக்கவே முடியாதபடி அரித்துப் போயிருந்தால், நாமாக மறுபடி குத்தக் கூடாது. பதிவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் குத்தப்பட்ட எண், வண்டியைத் திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்குள் தள்ளிவிடும்.

காகிதங்களின் நிலையும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆர்.சி. தாத்தாவின் பெயரிலேயே இருந்தால், வாரிசு உரிமைச் சான்றுடன் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். உரிமையாளர் இறந்த மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டிய இந்த வேலையை முப்பது ஆண்டுகளாகச் செய்யாமல் விட்ட குடும்பங்கள் பல. ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல் துறைச் சான்றுடன் படிவம் 26 வழியாக நகல் பெற வேண்டும். அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ‘பி ரிஜிஸ்டர்’ என்ற பழைய பதிவேட்டில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கச் சொல்லலாம். 1989-க்கு முற்பட்ட எண்களில் இன்றுபோல டி.என். என்பதை அடுத்து இரண்டிலக்க அலுவலக எண் வரும் அமைப்பு இருக்காது. எம் என்றோ, பிற்காலத்தில் டி என்றோ தொடங்கும் மூன்றெழுத்து வரிசைகளே இருக்கும். ஆர்.சி.யே இல்லாத வண்டியை வின்டேஜ் திட்டம் சட்டபூர்வமாக்கிவிடும் என்ற பேச்சு தவறானது. இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி.யையும், இறக்குமதி வண்டிக்குச் சுங்கத் துறையின் இறக்குமதி ஆவணத்தையும் விண்ணப்பத்தோடு விதி கேட்கிறது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான் என்றாலும், எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் பதிவு அதிகாரம் மாறுகிறது. பி.ஒய். 01 எண் கொண்ட காரைப் புதுச்சேரியில் வாங்கி, கடலூர் வீட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பவர், படிவம் 28 வழியாகப் புதுச்சேரியிலிருந்து தடையில்லாச் சான்று பெற்று, படிவம் 27 கொடுத்துத் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற வேண்டும் என்பதே சட்டத்தின் நிலை. புதுப்பிக்கும் வேலை இரண்டு மூன்று ஆண்டுகள் இழுத்துவிடும் என்பதால், வாங்கிய கையோடு இந்த வேலையை முடித்துவிடுவதே என் பரிந்துரை.

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு கேள்வி, பிரெஞ்சு வண்டிகளில் காணப்படும் இடப்பக்க ஸ்டீயரிங். அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. சட்டத்தின் 120-ஆவது பிரிவு, விதிக்கப்பட்ட வகையிலான சைகைக் கருவி பொருத்தப்பட்டு அது வேலை செய்யும் நிலையிலும் இருந்தால் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட இடமளிக்கிறது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றினால்தான் மூல வடிவம் கெடும்.

இனி முக்கியமான கேள்வி: வின்டேஜ் பதிவு வேண்டுமா, வழக்கமான ஆர்.சி.யைப் புதுப்பித்தால் போதுமா? பதினைந்து ஆண்டு கடந்த வண்டியை நொறுக்கியே ஆக வேண்டும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். அந்தக் கட்டாயம் 2023 ஏப்ரல் முதல் அரசுத் துறை வண்டிகளுக்கு வந்தது. தலைநகர் டெல்லி வட்டாரத்துக் கட்டுப்பாடுகள் தனிக் கதை. இங்கே தனியார் கார், ஆய்வில் தேறும்வரை ஐந்தைந்து ஆண்டுகளாகப் படிவம் 25 வழியாகப் புதுப்பிக்கப்படலாம். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, 20 ஆண்டு கடந்த காருக்கு இந்தப் புதுப்பித்தல் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதியான நான்கு சக்கர வண்டிக்கு 80,000 ரூபாய். காலக்கெடு கடந்திருந்தால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. நெடுங்காலம் கிடந்த வண்டி என்றால் இந்தத் தொகை கட்டணத்தையே விஞ்சலாம் என்பதால், முதலில் அதைக் கணக்கிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பழைய வண்டிக்குப் பசுமை வரியும் சேரும்.

வின்டேஜ் பதிவுக்கோ முதல் பதிவின்போது 20,000 ரூபாய். அது 10 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வழக்கமான வழியில் 10 ஆண்டுகளுக்கு இரண்டு முறை புதுப்பிக்க வேண்டும். ஆக, உள்நாட்டில் தயாரான ஹெரால்டுக்கு முதல் 10 ஆண்டுகளில் கட்டணக் கணக்கு இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இறக்குமதியான எம்.ஜி.யாகவோ ஸ்பிட்ஃபயராகவோ இருந்தால், 1,60,000 ரூபாய்க்கும் 20,000 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடே முடிவைச் சொல்லிவிடும். காப்பீட்டிலும் ஒரு சலுகை உண்டு: மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான 2022-ஆம் ஆண்டு விதிகள், வின்டேஜ் காராகப் பதிவான தனியார் காருக்குப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி தருகின்றன. அந்த அட்டவணையில் 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய் என்பதால், 948 சிசி ஹெரால்டுக்கு மிச்சமாவது ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே.

அந்தச் சலுகைகளுக்கு விலையும் உண்டு. வின்டேஜ் காராகப் பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. காட்சிக்கு வைக்க, தொழில்நுட்ப ஆய்வுக்கு, வின்டேஜ் பேரணியில் கலந்துகொள்ள, எரிபொருள் நிரப்ப, பராமரிக்க, கண்காட்சிக்கும் பேரணிக்கும் போய்வர ஆகிய தேவைகளுக்கு மட்டுமே அனுமதி. சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு சில்வர் பீச் போக வேண்டும், திருமணத்துக்கு மாப்பிள்ளை காராக வாடகைக்கு விட வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்தப் பதிவு சரிப்படாது. மாப்பிள்ளை கார் வாடகை என்பது சாதாரணத் தனியார் பதிவிலும் செய்யக் கூடாத வேலைதான். ஆனால் பீச்சுக்குப் போவதற்கு அந்தப் பதிவு தடையாக இராது. ஆகவே வாரம் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்கத் துடிக்கும் ஹெரால்டு உரிமையாளருக்கு வழக்கமான புதுப்பித்தலையும், ஆண்டுக்கு இரண்டு பேரணிக்கு மட்டும் வெளியே வரும் இறக்குமதி ஸ்போர்ட்ஸ் காருக்கு வின்டேஜ் பதிவையும் நான் பரிந்துரைப்பேன்.

வின்டேஜ் வழியைத் தேர்ந்தவர் படிவம் 20, காப்பீட்டுப் பத்திரம், கட்டணம், பழைய ஆர்.சி. அல்லது இறக்குமதி ஆவணம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தால் 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ-யில் சான்று வழங்கப்பட வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பழைய எண்ணோடு மனம் ஒட்டிப்போனவர்களுக்கு இது பெரிய ஆறுதல். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்து, அதன் பின் வி.ஏ., அதன் பின் இரண்டெழுத்து வரிசை, நான்கிலக்க எண் என்ற அமைப்பில் எண் தரப்படும். விற்பதற்குத் தடையில்லை, விற்பவரும் வாங்குபவரும் தத்தம் போக்குவரத்து அதிகாரத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டுவதற்கு முன் புகைச் சான்றும் எடுத்தாக வேண்டும். பழைய பெட்ரோல் காருக்கு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், கார்ப்ரேட்டரின் மிக்ஸ்சர் திருகைப் புகைச் சோதனைக் கருவியின் முன்னாலேயே சரிசெய்துகொள்வது வசதி. ஆர்.சி. காலாவதியான வண்டியை ‘ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. காப்பீடும் இல்லாமல் விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழும். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, அதிலேயே திரும்பக் கொண்டுவர வேண்டும். கட்டும்போது கயிறு புதுப் பெயிண்ட்டில் உரசாதபடி பழைய சைக்கிள் டியூபை இடையில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.