எல்பிஏ: நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதவேண்டிய பத்திரம்

சிங்கப்பூரில் ஒருவர் பக்கவாதத்தால் தாமே முடிவெடுக்கும் மனத்திறன் இழந்து படுத்துவிட்டால், அவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க மனைவி என்ற உறவு போதாது. நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அவர் சார்பில் முடிவெடுக்கும் பிரதிநிதியாகத் தன்னை நியமிக்கும் ஆணையை மனைவி பெறவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் காலமும், வழக்கறிஞரை அமர்த்தினால் ஆயிரக்கணக்கான வெள்ளியும் ஆகக்கூடும். இந்த அலைச்சலைத் தவிர்ப்பதற்காக, 2010 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டம் தரும் வழிதான், பின்னர் மனத்திறன் இழந்தால் தம் சார்பில் முடிவெடுக்க நம்பிக்கையானவரை முன்கூட்டியே நியமிக்கும் ‘எல்பிஏ’ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம்.

ஊரில் நிலம் விற்க எழுதிக்கொடுக்கும் பவர் பத்திரத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பவர் பத்திரம், எழுதியவரின் சித்தம் கலங்கினால் செல்லாமல் போகும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எல்பிஏவோ எழுதியவர் மனத்திறன் இழந்த பிறகுதான் செயலுக்கு வரும். ஆகவே, கையெழுத்திட்ட மறுநாளே மகன் சேமிப்பில் கைவைத்துவிடுவானோ என்று அஞ்சவேண்டியதில்லை. அதேபோல, தமிழ்நாட்டிலுள்ள வீட்டுக்கும் வயலுக்கும் இந்தப் பத்திரமே போதும் என்று இருந்துவிடவும் கூடாது.

21 வயது நிறைந்த எவரும் சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னிலக்க அடையாளத்தின் வழியாகப் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் இதைத் தயாரிக்கலாம். இதில் ஒப்படைக்கும் அதிகாரம் இரு பிரிவுகள் கொண்டது. வசிப்பிடம், பராமரிப்பு போன்ற சொந்த நலன் சார்ந்த முடிவுகள் ஒரு பிரிவு. சொத்தும் பணமும் மற்றொரு பிரிவு. இதற்கான இரு படிவங்களில், பெரும்பாலோருக்குப் போதுமான முதல் படிவத்தில் இருவரையும், அவர்களால் இயலாதபோது பொறுப்பேற்க மாற்றாக ஒருவரையும் நியமிக்கலாம். தனிப்பட்ட நிபந்தனைகள் வேண்டுவோர் வழக்கறிஞர் எழுதித்தரும் இரண்டாம் படிவத்தை நாடவேண்டும்.

இருவரை நியமிப்பவர்கள் சற்று நிதானிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. அவர்கள் ‘இணைந்து’ மட்டுமே செயல்படலாம் என்று குறித்தால், ஒவ்வொரு முடிவுக்கும் இருவரின் ஒப்புதலும் வேண்டும். மகள் இங்கே ஈசூனிலும் மகன் மெல்பர்னிலும் இருக்கும் குடும்பத்தில், தாதிமை இல்லக் கட்டணம்கூட மகனின் கையெழுத்துக்காகக் காத்திருக்க நேரும். ‘இணைந்தும் தனித்தும்’ என்று குறித்தால் ஒருவரே செயல்படலாம், ஆனால் ஒருவரை மற்றவர் கண்காணிக்கும் பாதுகாப்பு குறையும். பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்புவார்கள் என்றால் இரண்டாவதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து.

நியமிக்கப்படுபவர்கள் இணையத்தில் சம்மதம் தெரிவித்தபின், அங்கீகாரம் பெற்ற மருத்துவர், மனநல மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரில் ஒருவரைச் சான்றளிப்பவராக நாடவேண்டும். பத்திரத்தின் பொருள் புரிகிறதா, யாரேனும் வற்புறுத்தினார்களா என்பதை அவர் கேட்டறிவார். தமிழ் மட்டுமே பேசும் பாட்டிக்குத் தமிழ் பேசும் மருத்துவரைத் தேடிப் பிடிப்பது நல்லது. பக்கத்திலிருந்து பேரன் மொழிபெயர்த்தால், பதில் யாருடையது என்ற கேள்வி எழும். சான்றளிப்பவரின் கட்டணம் இடத்துக்கு இடம் மாறுபடும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும்.

பொறுப்பேற்றவர், பத்திரம் எழுதியவரின் நலனுக்கு உகந்ததையே செய்யவேண்டும். அவருடைய பணத்தைத் தம் பணத்தோடு கலக்காமல் கணக்கு எழுதி வைக்கவேண்டும். அவர் சார்பில் உயில் எழுதவோ, மத்திய சேமநிதிப் பணம் யாருக்குச் சேரவேண்டும் என்ற நியமனத்தை மாற்றவோ, உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துமாறு முடிவெடுக்கவோ இவருக்கு அதிகாரமில்லை. பத்திரத்தில் வெளிப்படையாக அனுமதித்திருந்தாலன்றி அன்பளிப்பும் வழங்க முடியாது.

மனத்திறன் இருக்கும்வரை பத்திரத்தை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். கணவன் மனைவி ஒருவரையொருவர் நியமித்திருந்து பின்னர் மணமுறிவு ஏற்பட்டால், பத்திரத்தில் வேறுவிதமாகக் குறிப்பிட்டிருந்தாலன்றி அந்த நியமனம் முடிவுக்கு வரும். சொத்துப் பொறுப்பை ஏற்றவர் நொடித்துப்போனாலும் அந்த அதிகாரம் போய்விடும். எழுதியவர் இறந்ததும் எல்பிஏவின் வேலை முடிகிறது. அதன்பின் சொத்து யாருக்கு என்பதை உயிலும், உயில் இல்லையேல் வாரிசுரிமைச் சட்டமும் தீர்மானிக்கும்.