விடையைத் திருத்திய பிறகுதான் பயிற்சி தொடங்குகிறது

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களிடம், கடைசியாகத் தவறிய விடை ஏன் தவறியது என்றுதான் முதலில் கேட்பேன். மதிப்பெண்ணை உடனே சொல்வார்கள்; காரணத்தைச் சொல்லத் தெரியாது. நாளுக்கொரு மாதிரித் தேர்வு எழுதி, 40-க்கு 24 என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். இரண்டு மாதம் கழிந்தாலும் அந்த 24 அசையாது. கேட்டல் பகுதியில் 7 பேண்ட் (9 வரை போகும் தர அளவில் 7) வாங்க ஏறத்தாழ 30 விடைகள் சரியாக வேண்டும்.

கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். அறை முன்பதிவு செய்பவர் 13-ஆம் தேதி வேண்டும் என்கிறார்; அன்று இடமில்லை என்றதும் 15-க்கு ஒப்புக்கொள்கிறார். என் மாணவி ஒருவர் 13 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குக் கண்ணை நகர்த்திவிட்டார். உரையாடலில் அவருக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. பேச்சு முடியும் முன்பே விடையை முடித்துவிட்டார், அவ்வளவுதான். இப்படித் தவறிய இடத்தை மட்டும், உரையாடலின் எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் கேளுங்கள். எந்தச் சொல்லில் விடை மாறியது என்று அடிக்கோடிடுங்கள். எழுத்துப்பிழைக்கும், விடுபட்ட பன்மை விகுதிக்கும், சொல் வரம்பை மீறியதற்கும் மதிப்பெண் போய்விடும்.

வாசிப்பில் 60 நிமிடம், 40 கேள்விகள். விடைத்தாளில் எழுதும் நேரமும் அதற்குள் அடக்கம். இங்கே பலரும் சறுக்குவது, ஒரு கூற்று பத்திக்கு முரணானதா (‘ஃபால்ஸ்’), பத்தியில் சொல்லப்படாததா (‘நாட் கிவன்’) என்று பிரிப்பதில்தான். ‘சிறுவர்களுக்கு நுழைவு இலவசம்’ என்கிறது பத்தி. ‘சிறுவர்களும் கட்டணம் செலுத்த வேண்டும்’ என்ற கூற்று அதற்கு நேர் எதிரானது, எனவே ஃபால்ஸ். ‘பெரியவர்களுக்குக் கட்டணம் உண்டு’ என்றால்? உண்டு என்றுதான் மனம் சொல்லும். ஆனால் பத்தி பெரியவர்களைப் பற்றிப் பேசவே இல்லை. ஆகவே நாட் கிவன். நமக்குத் தெரிந்ததை வைத்து விடை எழுதக் கூடாது, பத்தியில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். விடை தெரியாவிட்டாலும் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

அந்த மாணவியைத் தவறுகளுக்கென்று தனி நோட்டு போடச் சொன்னேன். மூன்றாவது வாரம் அவரே அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாதிக்கு மேல் ‘அவசரம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.” அதன் பிறகு புதிய மாதிரித் தேர்வுகளை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்துக்கொண்டோம்.