கமான் பட்டை சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கம் இறங்கிப்போனால் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, “ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுடுங்கண்ணே” என்றுதான். கமான் பட்டை என்பது பாரம் தாங்க ஆக்சிலோடு அடுக்காகப் பிணைத்திருக்கும் வளைந்த எஃகுத் தகடு, லீஃப் ஸ்பிரிங். நான் உடனே சரி சொல்வதில்லை. வண்டியைச் சமதரையில் காலியாக நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளப்பேன். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் பட்டை உடைந்திருக்கலாம், பட்டையின் நுனியைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் ஷாக்கிளின் புஷ் தேய்ந்திருக்கலாம், பட்டையைத் தாங்கும் இடத்தில் சேசிஸ் துருப்பிடித்திருக்கலாம். உடைப்பு பல சமயம், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். கழற்றாமல் பார்த்தால் அது கண்ணில் படாது.

பட்டையைக் கழற்றினால், அதை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை முடுக்கிய போல்ட்டின் மரை இழுபட்டிருக்கும், பழைய பிடி கிடைக்காது. யூ போல்ட் தளர்ந்தால் ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் பாரம் சின்ன சென்டர் போல்ட் மேல் விழும். அது அறுந்தால் ஆக்சில் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும்.

இனி கூடுதல் பட்டை. எத்தனை பட்டை சேர்த்தாலும் வண்டியின் தாங்கும் திறன் கூடாது. பிரேக், ஆக்சில், பேரிங், டயர், சேசிஸ் எல்லாம் பழையதுதானே? வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள மொத்த எடைதான் வரம்பு. அளவுக்கு மேல் ஏற்றினால் பின்பக்கம் தாழ்வது வண்டி தரும் எச்சரிக்கை. கூடுதல் பட்டை அதை மறைத்துவிடும். காலியாக ஓடும்போது இறுகிப்போன பின்பக்கம் துள்ளும், மழையில் வளைவுகளில் பிடி விடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பிரேக். பல பிக்கப்களில் சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே ஒரு சின்னக் கம்பியும் வால்வும் இருக்கும். பாரம் ஏறி சேசிஸ் தாழும்போது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடுவது அதன் வேலை. பட்டை சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், முழுப் பாரம் இருந்தாலும் வண்டி காலி என்றே அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் குறையும், வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும். கம்பியின் நீளத்தைச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி மறுபடி அமைக்க வேண்டும். வேலை செய்கிறவரிடம் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஷாக் அப்சார்பர் பாரம் தாங்காது, ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான். எண்ணெய் கசிந்தால் ஜோடியாக மாற்றுங்கள். வண்டியை உயர்த்துகிறவர்கள் பிரேக் ஹோஸ் நீளம் போதுமா, பின் ஆக்சிலைச் சுழற்றும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறியதா என்று பார்த்து, வீல் அலைன்மென்டும் செய்தாக வேண்டும். முன்னால் பட்டைக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்கத்தால் பாரம் தாங்கும் கம்பி) உள்ள வண்டியில் அதை முறுக்கி உயர்த்தினால் சக்கரம் கீழே இறங்க இடம் குறைந்து, பால் ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

இவற்றுக்குச் செலவு செய்யும் முன் அடிப்படை வேலைகளை முடியுங்கள். கிரீஸ் நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டயர் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும்: 3518 என்றால் 2018இன் 35வது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் வெடிப்பு விட்ட பழைய டயரில் பாரம் ஏற்றாதீர்கள். பின் ஆக்சில் ஹவுசிங்கின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் எண்ணெய் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனிங்கில் இறங்கும். பலர் சீலை மட்டும் மாற்றிவிட்டுத் துளையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அதே கசிவு மறுபடி வரும்.

புதுப் பட்டை போட்ட பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டும், வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே, குறுக்கு வரிசையில். அன்றே ஹெட்லைட்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் உயர்ந்தால் வெளிச்சம் கீழே இறங்கி, இரவில் தெரியும் தூரம் குறையும்.