மகஜர்: சொல் விளக்கம்

கேரளத்தின் வாளையார், கொழிஞ்சாம்பாறை, மூணாறு பக்கத்துத் தமிழர் 'மஹஸ்ஸர் எழுதுகிறார்கள்' என்றால், போலீசோ கலால் துறையோ வீட்டையோ வண்டியையோ சோதனை போட்டு, எடுத்ததைத் தாளில் பதிகிறார்கள் என்று பொருள். மலையாளத்தில் மஹஸ்ஸர்; தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் மகஜர். இலங்கையிலோ இதே சொல் கோரிக்கை மனு. யாழ்ப்பாணச் செய்தியில் 'மகஜர் கையளிப்பு' என்று கண்டால் சோதனை என்று மிரள வேண்டாம்.

வேர் அரபி, பாரசீகத்தின் வழியே நம் கச்சேரிகளுக்கு, அதாவது அரசு அலுவலகங்களுக்கு, வந்தது. 'மஹ்ளர்' என்றால் முன்னிலை, வந்திருத்தல். நீதிமன்றத்தின் 'ஆஜர்' இதற்கு உடன்பிறப்பு.

வேர்ப்பொருளைச் சட்டம் இன்றும் விடவில்லை. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103ஆம் பிரிவுப்படி, அப்பகுதியைச் சேர்ந்த சார்பற்ற, மதிப்புள்ள இருவராவது சோதனையின்போது உடனிருந்து பட்டியலில் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்காரரும் உடனிருக்கலாம், நகல் கேட்டு வாங்கலாம். 105ஆம் பிரிவு ஒலி, ஒளிப்பதிவையும் கட்டாயமாக்குகிறது. எந்த மகஜரிலும் கையெழுத்திடத் தயாராக எந்நேரமும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் 'ஆஸ்தான சாட்சி'யைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). சோதனை இதை மீறாது என்று 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் முடிவு செய்தனர்; அந்தரங்க உரிமை அரசியலமைப்பில் இல்லை என்று அத்தீர்ப்பு சொன்னதை மட்டும் 2017இல் புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் தள்ளினர். ஆக, மகஜர் கண்ணில் பட்டதைப் பதியலாம். வாக்குமூலத்தைப் பின்வாசல் வழியே நுழைக்க முடியாது. 'இந்தக் கத்தியால்தான் குத்தினேன், மதகுக்கடியில் போட்டேன்' என்று காவலில் இருப்பவர் சொல்லி, கத்தியும் கிடைத்தால், மதகுக்கடியில் போட்டது மட்டும் சாட்சியமாகும், குத்தியது ஆகாது. 1946இல் புலுக்கூரி கோட்டய்யா வழக்கில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வகுத்த இக்கோடு, பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு போய்ப் புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வந்த பிறகும் அழியவில்லை.

தமிழில்? 'சோதனைப் பட்டியல்' போதாது. அதில் பொருள் இருக்கிறது, ஆள் இல்லை. 'முன்னிலைப் பதிவு' என்பதே என் தேர்வு. 'சாட்சிகள் முன்னிலையில்' என்று அந்தத் தாளிலேயே எழுதுகிறோமே! சோதனை முன்னிலைப் பதிவு, சம்பவ இட முன்னிலைப் பதிவு என்று வகை பிரிக்கவும் வசதி. எல்லைக்கு அப்பால் தாள் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த சாட்சி, வரி வரியாக வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுக்கட்டும்.