மானியம்: சொல் வந்த வழி

வேளாண்மை விரிவாக்க மையத்தில் அதிகம் காதில் விழும் கேள்வி "மானியம் ஏறிருச்சா?" என்பது. 'சப்சிடி' என்று கேட்பவர்களும் உண்டு. இன்று மானியம் என்றால் பணம்; முன்பு அது நிலம்.

வேர் வடமொழி. 'மான்ய' என்றால் மதிப்புக்குரியது. கோயிலுக்கும், ஊருக்கு வேலை செய்த தலையாரி, தச்சர், நாவிதர் போன்றவர்களுக்கும் வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ விட்ட நிலம்தான் மானியம். அரபியிலிருந்து வந்த 'இனாம்' பின்னாளில் அதனோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நில மானியம் பழங்கதையாகி, பண மானியம் பேச்சில் நிலைத்தது.

நில மானியத்துக்குத் தமிழில் அழகான சொல் ஒன்று உண்டு: இறையிலி. இறை என்றால் வரி. வரி இல்லாதது இறையிலி, அவ்வளவுதான். சோழர் காலத்தில் ஒரு நிலத்தை இறையிலியாக்கினால் அது ஊரறிய நடந்தது. பெண் யானையை எல்லை வழியே நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, கொடுத்தது யார், பெற்றது யார், நான்கு எல்லை எவை என்று செப்பேட்டில் வெட்டினார்கள். 'பிடி சூழ்ந்து' என்று செப்பேடுகள் சொல்வது இந்த யானை நடையைத்தான். எல்லா ஊர்க்காரர்களுக்கும் அதில் பங்கு கிடைத்துவிடவில்லை. ஆனால் யாருக்குப் போனது என்பது மறைவாக இல்லை.

இன்று யானைக்குப் பதில் இணையதளம். உழவர்களுக்கு மத்திய அரசு பணம் தரும் பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000 வீதம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் யார் யார் வாங்குகிறார்கள் என்று பெயர்ப் பட்டியலே வரும். 2020-இல் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான தகுதியற்றவர்கள் இதில் புகுந்து, சுமார் 110 கோடி ரூபாய் போனது தெரியவந்தது. அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்தே பதிவு நடந்திருந்தது. நிலமே இல்லாதவர் பெயர் பட்டியலில் இருந்தால், அதைக் கண்டுபிடிக்க ஊர்க்காரரை விடச் சரியான ஆள் யார்? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவும் இதையே கேட்கிறது: மானியத் திட்டம் எப்படி நடக்கிறது, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயனாளி யார் என்பதை யாரும் மனுப் போடாமலே அலுவலகம் வெளியிட வேண்டும்.

சரி, இன்றைய மானியத்துக்கு எது நல்ல தமிழ்? 'நல்கை' என்கிறார்கள் சிலர். எனக்கு ஒப்பவில்லை. ஆய்வு நல்கை, பல்கலைக்கழக நல்கை என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது. அதோடு, மானியத்தில் இருக்கிற 'மேலிருந்து அருளிய' வாடை நல்கையிலும் அடிக்கிறது. கையில் வரும் காசுக்கு 'உழவர் உதவித்தொகை' போதும். உரத்துக்கு அதுவும் பொருந்தாது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறதென்றால், மீதி விலையை அரசு உர நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. விவசாயி கணக்கில் ஒரு பைசா ஏறுவதில்லை. அதை 'விலைக்கழிவு' என்று சொல்லலாம். முதலில் நாமே செலவழித்துவிட்டு, ரசீதைக் காட்டி அப்புறம் வாங்குவதற்கு அலுவலகத்தில் 'பின்னேற்பு மானியம்' என்று பெயர். அது நல்ல சொல், மாற்ற வேண்டாம்.

ஒரு குழப்பம் மட்டும் பாக்கி. சட்டமன்றத்தில் 'வேளாண்மைத் துறை மானியக் கோரிக்கை' என்று செய்தி வந்ததும் விவசாயிக்கு ஏதோ வரப்போகிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே மானியம் கேட்பது விவசாயி இல்லை, துறை: அந்த ஆண்டுச் செலவுக்கு அவையின் அனுமதி.