ப்ரீ-ஷேவ்: ‘முன்சவரம்’ என்பது பிழை

முகம் மழிப்பதற்கு முன் பூசிக்கொள்ளும் எண்ணெய், லோஷன் வகைகளை ஆங்கிலத்தில் ‘ப்ரீ-ஷேவ்’ என்பார்கள். ஆன்லைன் கடைகளில் அவற்றைத் தமிழில் தேடினால் ‘உணர்திறன் வாய்ந்த சருமத்திற்கான முன்சவர எண்ணெய்’ என்று வரிசையாக வந்து நிற்கிறது. தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கத்துக் கடைகளிலும் டப்பாமேல் ஒட்டிய தமிழ்ச் சீட்டில் இதே சொற்கள்தான். அதைப் படித்துவிட்டு, சலூன் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “முன்சவரம்னா, முதல்ல ஒரு வாட்டி வழிச்சிட்டு அப்புறம் இதைப் போடணுமாண்ணா?” அவர்மேல் குற்றமில்லை. அந்தச் சொல் தமிழில் அப்படித்தான் பொருள் தருகிறது.

வேர்ச்சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வடமொழியில் க்ஷுரம் என்றால் சவரக்கத்தி. அதிலிருந்து க்ஷௌரம், அதுவே தமிழில் சவரம். ஓசூர்ப் பக்கம் கன்னடத்தில் எழுதிய கடைப் பலகைகளில் க்ஷௌர என்ற வடிவம் இன்றும் உண்டு. நமக்கென்று இருப்பவை மழித்தல், சிரைத்தல், வழித்தல். ‘மழித்தலும் நீட்டலும் வேண்டா’ என்று 280ஆம் குறளிலேயே மழித்தல் இருக்கிறது. சிரைத்தலும் நல்ல சொல்தான். அந்தத் தொழில் செய்தவர்களை இழிவாகப் பேசிப் பேசி, சொல்லையும் வசையாக்கிவிட்டோம். வழித்தல் இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆங்கில ஷேவ் என்பதற்கும் பழம்பொருள் சுரண்டுவது, வழிப்பதுதான். சவரம் பல தலைமுறையாகப் புழங்கும் சொல். அதை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் சண்டை அதன் தலையில் ஒட்டிய ‘முன்’னோடுதான்.

தமிழில் முன் என்பது ஒரு பெயரோடு சேர்ந்தால், அந்தப் பெயரையே காலத்தாலோ இடத்தாலோ முன்னுக்குக் கொண்டுவரும். முன்பணம் என்பது முன்னதாகக் கொடுக்கும் பணம். பணத்துக்கு முன் கொடுக்கும் வேறொன்று அல்ல. முன்பதிவு முன்னதாகச் செய்யும் பதிவு. முன்னிரவு இரவின் முற்பகுதி, முன்பனி பனிக்காலத்தின் முற்பகுதி. இந்த வழக்குப்படி முன்சவரம் என்றால் முன்னதாகச் செய்யும் சவரம், அல்லது சவரத்தின் முதல் சுற்று. ஆங்கிலத்தில் ப்ரீ என்பதைக் கண்டால் உடனே ‘முன்’ என்று தட்டிவிடுகிறவர்கள், ஒட்டு எந்தச் சொல்லின்மேல் விழுகிறது என்று பார்ப்பதே இல்லை. மருத்துவத் தமிழில் ‘பேறுகால முன்கவனிப்பு’ என்று எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது. அவர் முன் என்பதைப் பேற்றில் ஒட்டாமல் கவனிப்பில் ஒட்டினார். அந்த வழியில் ‘சவர முன்பூச்சு’ என்று சொன்னால் இலக்கணம் சரியாகிவிடும். வேறு சொல் கிடைக்காதபோது அதை ஏற்றுக்கொள்ளலாம்.

ஆனாலும் எனக்கு அதில் முழு நிறைவில்லை. எப்போது பூசுவது என்று மட்டும் சொல்கிற சொல் அது, எதற்காக என்று சொல்வதில்லை. இந்தப் பெயரில் விற்பவை ஒரே வகைப் பொருளும் அல்ல. பிளேடால் வழிப்பவர்களுக்கான எண்ணெய், ஜெல், கிரீம் ஒரு வகை. முடி நீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பினால் இளகும். இளகிய முடி சுலபமாக வெட்டுப்படும். அதனால்தான் வெந்நீரில் முகம் கழுவி இரண்டு மூன்று நிமிடம் ஊற விடுவது. கிளிசரின் அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும், எண்ணெய் பிளேடை வழுக்கிப் போகவைக்கும். மின்சார ஷேவருக்கான லோஷன் இன்னொரு வகை. அவற்றில் பலவற்றின் வேலை நேர் எதிரானது: ஆல்கஹால் கலந்து, முகத்து வியர்வையையும் பிசுக்கையும் உலர்த்தி, முடியை விறைக்கவைப்பது. இரண்டுக்கும் ‘முன்சவர லோஷன்’ என்று ஒரே பெயர் கொடுத்தால், எதைத் தொட்டாலும் முகம் எரிகிறவர் ஆல்கஹால் லோஷனைத் தடவிக்கொண்டு பிளேடை எடுப்பார். அப்புறம் கழுத்தெல்லாம் சிவந்து கொப்புளிக்கும்.

பிளேடு வகைக்கு என் சொல் ‘பத எண்ணெய்’, ‘பதக்களிம்பு’. மழை விட்ட மறுநாள் நம் மானாவாரிக் காட்டில் மண்ணைக் கையில் அள்ளி அழுத்திப் பார்த்து ‘பதமா இருக்கு, ஏர் ஓட்டலாம்’ என்பார்களே, தாடிக்கும் வேண்டியது அந்தப் பதம்தான். சொல், அடி என்ற பொருளில் வரும் வடமொழிப் பதம் வேறு, இது வேறு. ‘கத்தி கையைப் பதம் பார்த்தது’ என்றும் சொல்கிறோமே, மழிக்கிற இடத்தில் அந்தச் சொல் ஆகுமா என்று ஒரு நண்பர் தடுத்தார். ‘பார்த்தல்’ சேர்ந்தால்தான் அந்தப் பொருள் வரும். பதமான சோறு யார் கையையும் வெட்டுவதில்லை. மின்சார ஷேவர் வகைக்கு ‘உலர்மழிப்பு லோஷன்’ போதும்.

எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தாலும், பல வீடுகளில் முகம் கழுவுவது போர்வெல் தண்ணீரில்தான். அந்த உப்புத் தண்ணீரிலுள்ள சுண்ணச்சத்தும் மக்னீசியமும் சோப்பைத் திரிய வைத்துவிடும். நுரை எழும்பாது, தோலில் வெள்ளையாகப் படியும். அரைகுறை நுரையில் பிளேடு இழுத்தால் நல்ல தோலே எரியும். பதப்படுத்தும் பொருள் யாருக்காவது உண்மையிலேயே தேவை என்றால் அது நமக்குத்தான்.

இனி, ஆங்கில ‘சென்சிட்டிவ்’ என்பதற்குப் போட்ட அந்த ‘உணர்திறன் வாய்ந்த’. உணர்திறன் என்பது கருவிக்கு நல்ல சொல். ஒளியை உணரும் திறன், வெப்பத்தை உணரும் திறன். ‘வாய்ந்த’ என்பதோ பாராட்டு: புகழ் வாய்ந்த, ஆற்றல் வாய்ந்த. இரண்டையும் சேர்த்துத் தோலுக்குப் போட்டால், ஏதோ சிறப்பான தோல் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அவதிப்படுகிறவர் அது தன்னைத்தான் சொல்கிறது என்று எப்படிக் கண்டுகொள்வார்? சிலர் ‘மென்தோல்’ என்கிறார்கள். வெயிலில் காய்ந்து முரடான தோலும் சோப்புப் பட்டால் எரியலாம். மென்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘ஒவ்வாமைத் தோல்’ இன்னும் தப்பு. ஒவ்வாமை உடலின் எதிர்ப்பாற்றல் செய்கிற வேலை. இங்கே பெரும்பாலும் வெறும் எரிச்சல். பல்லுக்குக் கூச்சம் என்ற அருமையான சொல் இருக்கிறது. அதைத் தோலுக்குக் கொண்டுவந்தால் கிச்சுக்கிச்சு நினைவுதான் வரும். ‘எனக்கு அந்த சோப்பு தாங்காது’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதிலேயே சொல் இருக்கிறது: தாங்காத் தோல். ஓயாத் தொல்லை, அழியாப் புகழ் போல ஒழுங்கான இலக்கணம், விளக்கவுரை தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் பெரிய கேடு இதற்கடுத்த வரியில் இருக்கிறது. ஆங்கில டப்பாவில் ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்றால் மணப்பொருள் சேர்க்கவில்லை என்று பொருள். ‘அன்சென்ட்டட்’ என்றால் வாசனை தெரியாது, அவ்வளவுதான். மூலப்பொருளின் வாடையை மறைக்கவே மணப்பொருள் சேர்த்திருக்கலாம். தமிழில் இரண்டும் ‘மணமற்றது’. தாங்காத் தோலுக்கு எதிரிகளில் முதல் வரிசையில் நிற்பது மணப்பொருள். ஆல்கஹாலும் மென்தாலும் கூடவே வரும். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்பதை ‘ஒவ்வாமை ஏற்படுத்தாது’ என்று எழுதுகிறார்கள். ஹைப்போ என்றால் குறைவு, இல்லாமை அல்ல. அமெரிக்காவில்கூட அந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை கிடையாது. வெளிநாட்டு விளம்பரக்காரரே துணியாத உறுதியை நம் மொழிபெயர்ப்பாளர் தமிழில் கொடுத்துவிடுகிறார்.

ஒட்டுச்சீட்டில் இப்படி எழுதினால் போதும்: ‘தாங்காத் தோலுக்கான பத எண்ணெய். பிளேடால் மழிப்பதற்கு முன் ஈர முகத்தில் தடவவும். மணப்பொருள் சேர்க்கவில்லை. முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்கவும்.’